லமினேட்டட் கண்ணாடிக்குள்ள இருந்து காத்து எடுக்கிறதுக்கு வன்னியில எந்த மெசின் சரிவரும்?

கிளிநொச்சியில அலுமினியம் பிட்டிங் கடை வச்சிருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். பல்கனிக்கும் படிக்கட்டுக்கும் போடுற லமினேட்டட் கண்ணாடிய, அதாவது ரெண்டு கண்ணாடிக்கு நடுவில பிளாஸ்ரிக் பிலிம் வச்சு ஒட்டினத, கொழும்பில இருந்து எடுப்பிக்காம இஞ்சயே செய்ய யோசிக்கிறாராம், காத்து எடுக்கிறதுக்கு ஒருத்தர் ரோலர் மெசின் எண்டுறார், இன்னொருத்தர் வக்யூம் பை காணும் எண்டுறார், மூண்டாமவர் பழைய ஓட்டோகிளேவ் (பிரெஷரும் சூடும் குடுக்கிற பெரிய இரும்பு டாங்கி) ஒண்டு மலிவா நிக்குது வேண்டுங்கோ எண்டுறார், தான் சின்ன ஹீற்றர் பெட்டியில செய்து பாத்த சாம்பிள் முழுக்க குமிழி, சூட்ட கூட்டினா குமிழியும் கூடுது, என்ன செய்யிறது எண்டு.

தம்பி, மெசின் விலைக்கு போக முதல் அந்த குமிழி ஏன் வந்தது எண்டத வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ, அது விளங்கினா எந்த மெசின் எண்டது தன்பாட்டில முடிவாகும். நடுவில வைக்கிற பிலிமில பிவிபி, இவிஏ எண்டு ரெண்டு வகை பிளாஸ்ரிக் இருக்கு, எது எண்டாலும் சரி தொட்டுப்பாத்தா வழுவழுப்பா இருக்காது, ஒரு சொரசொரப்பு இருக்கும். கன பேர் அத பாத்துட்டு தரம் குறைஞ்ச சாமான் எண்டு நினைக்கினம். அந்த சொரசொரப்பு வேணுமெண்டே பதிச்சது, கண்ணாடிக்கும் பிலிமுக்கும் இடையில நிக்கிற காத்து ஓரத்துக்கு ஓடிப்போற வாய்க்கால் அதுதான். ஒரு கணக்கு பாருங்கோ, பிலிமின்ர ரெண்டு பக்கத்தையும் சேத்து சராசரியா 0.1 மில்லிமீற்றர் இடைவெளி எண்டு வச்சா 1 சதுர மீற்றர் கண்ணாடிக்குள்ள 100 மில்லிலீற்றர் காத்து நிக்குது. கண்ணாடி கொஞ்சம் வளைஞ்சிருந்தா, அதுவும் ரெம்பர் பண்ணின, அதாவது சூடாக்கி கெதியா குளிரவச்சு பலப்படுத்தின, கண்ணாடி எண்டா கட்டாயம் கொஞ்சம் அலையடிச்சிருக்கும், அப்ப இன்னும் கூட நிக்கும்.

இப்ப நீங்கள் சூடாக்குறீங்கள். பிலிம் இளகுது, சொரசொரப்பு அமருது, வாய்க்கால் மூடுது. பெட்டிக்குள்ள வச்ச கண்ணாடிக்கு ஓரம் தான் முதல் சூடாகும், நடு பிந்தித்தான் சூடாகும், அதால ஓரம் முதல் ஒட்டிப்போடும். கொழுக்கட்டையின்ர வாய அமத்தி மூடின மாதிரி உள்ள நிக்கிற காத்து அப்பிடியே மாட்டுப்பட்டு நிக்கும், பிறகு எவ்வளவு சூடு குடுத்தாலும் எவ்வளவு வக்யூம் இழுத்தாலும் அது வெளிய வர வழியில்லை, சூட்டுக்கு விரிஞ்சு குமிழி பெருக்கும். நீங்கள் சூட்ட கூட்ட கூட்ட குமிழி கூடினது அதாலதான். ஆகவே எந்த மெசின ஆர் கொண்டுவந்து காட்டினாலும் ஒரே ஒரு கேள்விய கேளுங்கோ, பிலிம் இளக முதல் இந்த மெசின் காத்த எடுக்குமா, எடுத்த பிறகு ஓரத்த மூடி காத்து திரும்பி வராம பாக்குமா.

ரோலர் மெசினில இருந்து வருவம், அது கெதியா சொல்லி முடிக்கிற விசயம். நிப் ரோலர் எண்டு சொல்லுறது, ரப்பர் சுத்தின ரெண்டு உருளைக்கு நடுவால கண்ணாடி சோடிய அமத்தி அனுப்புறது. முதல் ரோலருக்கு போகேக்க கண்ணாடி கிட்டத்தட்ட 40 டிகிரி தான் இருக்கும், அதில காத்து பிதுங்கி பின்பக்கத்தால போகும், பிறகு இன்பிறாரெட் ஹீற்றருக்குள்ளால போய் 60, 70 டிகிரி அளவில ரெண்டாவது ரோலரில ஓரம் மூடுப்படும். வெளிய வரேக்க கண்ணாடி கண்ணாடி மாதிரி இருக்காது, பால் நிறமா மங்கலா வரும், அது பிழை இல்லை, ஓட்டோகிளேவுக்குள்ள போய் வந்தாத்தான் தெளியும். இது ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில ஒரே அளவு தட்டை கண்ணாடி ஓட்டுற பக்டரிக்கு உரிய லைன், நீட்டு கொன்வெயர், வாசர் மெசின், ஏசி அறை எல்லாம் சேந்து வரும். வளைவு கண்ணாடிக்கு சரிவராது, அலையடிச்ச ரெம்பர் கண்ணாடிக்கும் உருளை எல்லா இடமும் ஒரே மாதிரி அமத்தாது. இண்டைக்கு ஒரு வீட்டு படிக்கட்டு, நாளைக்கு ஒரு கடை முகப்பு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவு, அதுவும் பல்கனிக்கு எண்டா அரைவாசிக்கு மேல ரெம்பர் கண்ணாடி, உங்களுக்கு அது தேவையில்லை.

ஓட்டோகிளேவ் பற்றி நான் கொஞ்சம் கடுமையாத்தான் சொல்லுவன். அது காத்து எடுக்கிற மெசினே இல்லை, விக்கிறவருக்கும் அது விளங்கேல்லை எண்டு நினைக்கிறன். ரோலராலயோ வக்யூமாலயோ முக்கால்வாசிக்கு மேல காத்த எடுத்து ஓரத்த மூடின கண்ணாடிய உள்ள வச்சு 12, 13 பார் பிரெஷரும் 135 தொடக்கம் 145 டிகிரி சூடும் குடுத்தா மிச்சமா நிண்ட கொஞ்ச காத்து பிவிபிக்குள்ள கரைஞ்சு போகும். பிரெஷர் கூடினா வாயு கூட கரையும், பள்ளிக்கூடத்தில படிச்ச ஹென்றியின்ர விதி தான். ஓரம் மூடாம கொண்டுபோய் உள்ள வச்சா அந்த பிரெஷரே காத்த கண்ணாடிக்குள்ள தள்ளி விடும், பிறகு கதை முடிஞ்சுது. இன்னொண்டு, 2 மீற்றர் விட்டமுள்ள ஓட்டோகிளேவின்ர கதவில 12 பார் ஏறினா அந்த கதவ வெளிய தள்ளுற விசை கிட்டத்தட்ட 380 தொன். கதவு பூட்டு சரியா விழாம பிரெஷர் ஏறாதபடி இன்ரர்லொக் இருக்கோணும், சேப்டி வால்வு சோதிச்சிருக்கோணும், தண்ணி நிரப்பி பிரெஷர் டெஸ்ட் செய்த பேப்பர் இருக்கோணும். இது ஒண்டும் கையில இல்லாம பழைய இரும்பு விலைக்கு நிக்கிற ஒண்ட வேண்டி, வேலை செய்யிற பொடியங்கள் நிக்கிற இடத்தில வைக்காதேங்கோ. இது காசு மிச்சம் பிடிக்கிற இடம் இல்லை.

அப்ப மிஞ்சுறது வக்யூம். இதில ரெண்டு வகை. வாகனத்தின்ர முன் கண்ணாடி செய்யிற ஆக்கள் வக்யூம் ரிங் பாவிப்பினம், கண்ணாடி ஓரத்த சுத்தி கவ்வுற ரப்பர் வளையம், உள்ளுக்கு ஒரு கால்வாய் ஓடும், ஒரு இடத்தில ஹோஸ் கொழுவுற முளை இருக்கும். ஒவ்வொரு வாகன மொடலுக்கும் வேற வேற ரிங் வேணும், சூட்டில அடிபட்டு ரப்பர் வெடிக்க வெடிக்க மாத்தோணும். உங்களுக்கு வேண்டியது மற்றது, சிலிக்கோன் பை. கண்ணாடி சோடிய தட்டில வச்சு, மேலயும் கீழயும் சிலிக்கோன் விரிப்பு போட்டு, ஓரத்த பூட்டி, காத்த உறிஞ்சி, அப்பிடியே பையோட சேத்து ஹீற்றர் பெட்டிக்குள்ள வைக்கிறது. பிலிம் இவிஏ எண்டா ஓட்டோகிளேவ் தேவையில்லை, வக்யூமும் சூடும் காணும், எத்தினையோ சின்ன பட்டறையள் இப்பிடித்தான் ஓடுது. ஆனா ஓட்டோகிளேவ் இல்லாத இடத்தில மிச்ச காத்த கரைக்க 12 பார் உங்கட கையில இல்லை, வெளி வளியமுக்கம் மட்டும்தான் இருக்குது, அதால வக்யூம் தான் முழு வேலையையும் செய்யோணும். 1013 மில்லிபாரில நிண்ட 100 மில்லிலீற்றர் காத்த 50 மில்லிபாருக்கு இறக்கினா மிச்சம் 5 மில்லிலீற்றர் அளவு தான், 200 மில்லிபாரோட நிப்பாட்டினா 20 மில்லிலீற்றர், அந்த வித்தியாசம் அப்பிடியே கண்ணுக்கு குமிழியா தெரியும்.

ஒழுங்கு எப்பிடியெண்டா, பைய பூட்டி வக்யூம் இழுத்து போட்டு உடன ஹீற்றர போடாதேங்கோ. சூடு இல்லாம குறைஞ்சது 15, 20 நிமிசம் இழுக்க விடுங்கோ, பெரிய கண்ணாடி எண்டா இன்னும் கூட. இந்த குளிர் வக்யூம் நேரத்தில தான் காத்து வாய்க்காலால போகுது, இந்த நேரத்தில அவசரப்பட்டா பிறகு ஒண்டும் செய்யேலாது. அதுக்கு பிறகு மெதுவா சூடாக்கி 60, 70 டிகிரியில கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்கோ, நடுவும் ஓரமும் ஒரே சூட்டுக்கு வரட்டும், பேந்து பிலிம் கொம்பனி தந்த பேப்பரில சொன்ன சூட்டுக்கு, பெரும்பாலும் 120 தொடக்கம் 135 வரை, கொண்டுபோய் அவையள் சொன்ன நேரம் பிடியுங்கோ. பெட்டியின்ர காத்து 130 எண்டு காட்டினா கண்ணாடி 130 இல்லை, ரெண்டு 10 மில்லிமீற்றர் கண்ணாடி எண்டா கன நேரம் பிந்தித்தான் வரும், சூடு அளக்கிற மெல்லிய தேர்மோகப்பிள் வயர ஒரு கழிவு கண்ணாடி சோடிக்கு நடுவில வச்சு ஒருக்கா அளந்து பாருங்கோ, உங்கட பெட்டியின்ர குணம் அப்பத்தான் தெரியும். சூடு முடிஞ்ச உடன வக்யூம விடாதேங்கோ, 40, 50 டிகிரிக்கு இறங்குமட்டும் பம்ப் ஓடட்டும்.

ஓரக் குமிழி எண்டு ஒண்டு இருக்கு, அது வேற காரணம். முழு வக்யூமில பை 1 சதுர மீற்றருக்கு கிட்டத்தட்ட 10 தொன் பாரத்தில கண்ணாடிய அமத்துது. நடுவில அது ஒரே சீரா அமத்தும், ஆனா ஓரத்தில பை மடிஞ்சு கீழ இழுபடுறதால கண்ணாடி விளிம்பு கூடுதலா நசிபட்டு அந்த இடத்தில பிலிம் மெலிஞ்சு போகும். வக்யூம் விட்ட உடன கண்ணாடி திரும்ப நிமிரப் பாக்கும், நிமிரேக்க ஓரத்தால காத்த உள்ள இழுக்கும். அதுக்கு கண்ணாடிய சுத்தி அதே மொத்தத்தில இரும்பு பட்டையோ கழிவு கண்ணாடி துண்டோ வையுங்கோ, பையின்ர பாரத்த அது தாங்கும். காத்து போற வழிக்கு கண்ணாடி ஓரத்த சுத்தி ஒரு துணிப்பட்டையோ வலையோ விடோணும், இல்லாட்டி சிலிக்கோன் வந்து ஓரத்தில ஒட்டி உறிஞ்சுற வாய அடைச்சுப்போடும், வக்யூம் அளக்கிற கேஜ் நல்லா காட்டும், உள்ள காத்து அப்பிடியே நிக்கும்.

கேஜ் எண்ட உடன சொல்லோணும், இதுலதான் கன பேர் ஏமாறுறது. பம்புக்கு பக்கத்தில பூட்டின கேஜ் பம்பின்ர வக்யூம காட்டும், பைக்குள்ள என்ன நிலமை எண்டு அதுக்கு தெரியாது. ஹோஸ் மெல்லிசா நீட்டா இருந்தா, ஒரு மூட்டில லீக் இருந்தா, பம்ப் பக்கம் ஊசி கடைசிக்கு போய் நிக்கும், பைக்குள்ள அரைகுறை. ரெண்டாவது கேஜ் ஒண்ட ஹோஸ் வாற இடத்துக்கு எதிர் மூலையில பையில பூட்டுங்கோ. மைனஸ் 0.9 பார் எண்டு காட்டினா உள்ள இன்னும் கிட்டத்தட்ட 100 மில்லிபார் நிக்குது எண்டு அர்த்தம், ஆக மோசம் இல்லை, ஆனா இவிஏக்கு இன்னும் இறக்கோணும். பிறகு, ஒவ்வொரு முறையும் ஹீற்றர் போட முதல் பம்ப் பக்க வால்வ பூட்டிப்போட்டு 10 நிமிசம் ஊசிய பாருங்கோ. அசையாம நிண்டா வேலைய தொடங்கலாம், விழுந்தா லீக்க தேடுங்கோ, பையில ஊசித்துளை, பூட்டுற ஓரத்தில மண், ஹோஸ் முளையடி, பெரும்பாலும் இந்த மூண்டில ஒண்டுதான். எங்கட பக்க செம்மண் தூசி சொல்லி வேலையில்லை, ஓரத்தில ஒரு மண் துகள் இருந்தாலே காணும், அதால கடைக்குள்ள வெட்டுற இடத்துக்கும் இந்த வேலைக்கும் இடையில கட்டாயம் ஒரு சுவர் வேணும்.

பம்ப் எது எண்டா, எண்ணெய் போட்ட ரோட்டரி வேன் பம்ப் நல்லது. ஏசி திருத்திற ஆக்கள் காவிக்கொண்டு திரியிறதும் அந்த சாதி தான், ஆழமா இழுக்கும், ஆனா ஒரு நிமிசத்துக்கு இழுக்கிற அளவு குறைவு, சின்ன சாம்பிளுக்கு சரி, 2 மீற்றர் பைக்கு கஸ்ரம். பழைய பிரிட்ஜ் கொம்பிரெசர கழட்டி பூட்டலாம் எண்டு ஆராவது சொன்னா கேளாதேங்கோ, இழுக்கிற அளவு அதுக்கும் குறைவு, நாள்முழுக்க ஓட செய்ததும் இல்லை. எண்ணெய் பம்புக்கு எதிரி ஈரம். மழைக்காலத்தில ஈரக்காத்து உள்ள போய் எண்ணெய் பால் நிறமாகும், அப்பிடி கண்டா பம்ப் கேஜில சரியா இழுக்காது, உடன எண்ணெய மாத்தோணும். பம்புக்கும் பைக்கும் நடுவில ஒரு தண்ணி பிடிக்கிற டப்பா வையுங்கோ.

அடுத்தது கரண்ட். கொழும்பில இருக்கிறவர் இத சொல்லித்தர மாட்டார், ஏனெண்டா அவருக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. கண்ணாடி 100 டிகிரியில நிக்கேக்க கரண்ட் போனா ஹீற்றர் நிண்டது பிரச்சினையே இல்லை, திரும்ப போடலாம், பம்ப் நிண்டதுதான் ஆபத்து, இளகின பிலிமுக்குள்ள காத்து ஓரத்தால திரும்ப ஏறும், பம்புக்குள்ள இருக்கிற எண்ணெயும் ஹோஸுக்குள்ள இழுபடும். அதால பம்ப் வாசலில காத்த ஒரு பக்கம் மட்டும் விடுற நொன் ரிட்டேர்ன் வால்வு ஒண்டு கட்டாயம், அதுக்கு பிறகு ஒரு வக்யூம் டாங்கி, கரண்ட் போய் வாற கொஞ்ச நேரத்துக்கு டாங்கி தாங்கும். ஜெனரேற்றர் வேண்டுறதெண்டா ஹீற்றர் எல்லாம் ஓடுற பெரிசு தேவையில்லை, பம்ப மட்டும் ஓட்டுற சின்னது காணும். வோல்ட்டேஜ் இறங்குற இடம் எண்டா பம்ப் மோட்டருக்கு பாதுகாப்பு போட மறக்காதேங்கோ.

காலநிலைக்கு வருவம். சித்திரை வைகாசியில தகரக் கூரைக்கு கீழ மத்தியானம் நீங்களே நிக்கேலாது, அந்த வெக்கையில பிலிம் முதலே இளகி கண்ணாடியில பிடிக்க தொடங்கும், நீங்கள் பைய பூட்ட முதலே வாய்க்கால் பாதி அடைபட்டிடும். அந்த நாளையில விடியக்காலமை அடுக்குங்கோ, இல்லாட்டி அடுக்கிற அறைக்கு மட்டுமாவது ஏசி போடுங்கோ. ஐப்பசி கார்த்திகை மாரியில வேற பிரச்சினை, ஈரம். பிவிபி ஈரத்த உறிஞ்சிற சாமான், அதுக்கு 18 தொடக்கம் 20 டிகிரியும் ஈரப்பதன் 25, 30 வீதமும் உள்ள அறை வேணும், வன்னி மாரியில அது ஏசியோட ஈரம் எடுக்கிற மெசினும் இல்லாம நடக்காது. ஈரம் ஏறின பிலிம் சூட்டில நீராவிய விடும், அது சின்ன சின்ன குமிழியா கண்ணாடி முழுக்க தூவினமாதிரி வரும். இவிஏ அவ்வளவு உறிஞ்சாது, உங்களுக்கு அதையே சொல்லுறதுக்கு இதுவும் ஒரு காரணம், ஆனா ரோல திறந்தபடி வைக்காம பையில போட்டு கட்டி வையுங்கோ.

கண்ணாடி கழுவுற தண்ணியும் பாருங்கோ. எங்கட கிணத்து தண்ணி சுண்ணாம்பு, கேத்திலுக்குள்ள படியிற வெள்ளைய பாத்தா தெரியும், அது கண்ணாடியில காய்ஞ்சா உப்பு படலம் விடும், அந்த உப்பு பிலிம் ஒட்டுற பலத்த குறைக்கும், கண்ணாடி வெளித்தோற்றத்துக்கு நல்லா இருந்தாலும் உடைஞ்சா துண்டு பிலிமில நிக்காம கழரும். கடைசி கழுவலுக்கு ஆர்ஓ தண்ணி பாவியுங்கோ, இப்ப வவுனியா, கிளிநொச்சி எங்க பாத்தாலும் ஆர்ஓ பிளான்ட் இருக்குதானே, கான் கணக்கில எடுக்கலாம். கழுவின கண்ணாடி முழுசா காயோணும், ஓரத்தில ஒரு துளி நிண்டாலும் வக்யூமில ஆவியாகி உங்கட கேஜ குழப்பும்.

இனி குமிழிய பாத்து காரணம் பிடிக்கிறது. நடுவில பெரிய குமிழி ஒண்டு ரெண்டு நிண்டா ஓரம் முந்தி மூடியிருக்கு, குளிர் வக்யூம் நேரத்த கூட்டி சூட்ட மெதுவாக்குங்கோ. ஓரம் முழுக்க வரிசையா வந்தா விளிம்பு நசிபட்டிருக்கு இல்லாட்டி சூட்டோட வக்யூம விட்டிருக்கிறீங்கள். கோடு கோடா ஒரே திசையில வந்தா அது ரெம்பர் அலை, ரெண்டு கண்ணாடியையும் ஒரே பக்கமா திருப்பி அலைக்கு அலை பொருந்த அடுக்கி பாருங்கோ, இல்லாட்டி மொத்தமான பிலிம் போடுங்கோ, 0.38 காணாது, ரெம்பருக்கு 1.52 மில்லிமீற்றர் வரை போடுறது சாதாரணம். செய்த அண்டைக்கு தெளிவா இருந்து ஒரு வெயில் காலத்துக்கு பிறகு குமிழி வந்தா, காத்து வெளிய போகாம பிலிமுக்குள்ள அளவுக்கு மிஞ்சி கரைஞ்சு நிண்டிருக்கு. இத வாடிக்கையாளர் வீட்டில கண்டுபிடிக்கிறத விட கடையில கண்டுபிடிக்கலாம், ஒவ்வொரு தொகுதியோடயும் ஒரு சின்ன சாம்பிள் துண்டும் சேத்து செய்து அத 100 டிகிரி சூட்டில 16 மணித்தியாலம் வையுங்கோ, ஒளிச்சிருக்கிற காத்து இருந்தா வெளிய தெரியும். இன்னொரு துண்ட 2 மணித்தியாலம் கொதி தண்ணிக்குள்ள போட்டு பாருங்கோ, விளிம்புக்கு கிட்ட வாறத விட்டுட்டு உள்ளுக்க பாருங்கோ.

பஸ், வான் முன் கண்ணாடியும் செய்யலாமா எண்டு கடைசியில கேட்டிருந்தீங்கள். ஏ9 ரோட்டில கல்லடிபட்டு வெடிக்கிற கண்ணாடிக்கு கேள்வி இருக்குதெண்டு தெரியும், ஆனா தயவுசெய்து வேண்டாம். வாகன கண்ணாடிக்கு ஐநாவின்ர 43 ஆம் இலக்க விதி மாதிரி வேற தரம் இருக்கு, தலை மோதுற சோதனை, பார்வை கோணாம தெரியிற சோதனை எல்லாம் உண்டு, அத வக்யூம் பையும் இவிஏயும் வச்சு பட்டறையில செய்து ஒரு பஸ் சனத்துக்கு முன்னால பூட்டுறது சரியில்லை. பல்கனியும் படிக்கட்டும் கூட சின்ன பொறுப்பில்லை, அதில சாயிறது பிள்ளையள். ரெம்பர் மட்டும் போட்டா உடைஞ்ச உடன முழுசா கொட்டும், ஓரம் வெறுமையாகும், லமினேட்டட் உடைஞ்சாலும் ஒரு தடுப்பா நிக்கும், அது நிக்கிறது பிலிம் எல்லா இடமும் ஒட்டியிருந்தா மட்டும்தான். குமிழி நிக்கிற இடத்தில ஒட்டு இல்லை. குமிழி நிண்ட கண்ணாடிய விலை குறைச்சு குடுக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ, சாதா கண்ணாடி எண்டா மேசை தட்டுக்கு வெட்டி எடுங்கோ, ரெம்பர் எண்டா வெட்டேலாது, கழிச்சு விடுங்கோ.

முதல் பம்பும் பையும் கேஜும் மட்டும் வேண்டுங்கோ, உங்கட பழைய ஹீற்றர் பெட்டியே இப்போதைக்கு காணும். ஒரு அடி சதுர சாதா கண்ணாடியில, ரெம்பர் வேண்டாம், குளிர் வக்யூம் 20 நிமிசம் குடுத்து ஒண்டும், 40 நிமிசம் குடுத்து ஒண்டும் செய்து ரெண்டையும் சூட்டு சோதனையில வையுங்கோ. பம்ப் விக்கிறவர் தந்த பேப்பரில நிமிசத்துக்கு எத்தினை லீற்றர் எண்டும் கடைசி வக்யூம் எத்தினை மில்லிபார் எண்டும் ரெண்டு இலக்கம் இருக்கும், அத படம் எடுத்து அனுப்புங்கோ, உங்கட பையின்ர அளவையும் எழுதுங்கோ, காணுமா காணாதா எண்டு காசு குடுக்க முதல் பாத்து சொல்லுறன்.